மஞ்சள் விளக்கும் எலி கடித்த வயரும்

போன மாதம் அரூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை எடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "ஏங்க, அதென்ன குழாய் மாதிரி ஒரு படம் மஞ்சளா எரியுது?" என்றாள் மனைவி. பார்த்தால், என்ஜின் படம் போட்ட அந்த விளக்கு. வண்டியின் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இழுவை குறையவில்லை, சூடு ஏறவில்லை, சத்தமும் இல்லை. ஆனாலும் மஞ்சவாடி கணவாய் முழுக்க ரோட்டைப் பாதி, விளக்கைப் பாதி பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன். அயோத்தியாப்பட்டணம் ரயில்வே கேட் கண்ணில் பட்ட பிறகுதான் மூச்சே வந்தது.

மறுநாள் காலையில் சேலத்தில் நான் வழக்கமாக வண்டி விடும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு பையன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினான். இரண்டே நிமிடம். "சார், பி 0135 வருது. ஓ2 சென்சார் போயிடுச்சு. மாத்திடலாம்" என்றார் சூபர்வைசர். எதிர்க் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை நான். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன? சென்சார், கூலி, வரி எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். அது வேலையில் இருந்த காலத்துப் பழக்கம்.

இரண்டே நாள். வாழப்பாடிக்குப் போகலாம் என்று வண்டியை எடுத்தால், அதே மஞ்சள் விளக்கு. போன் செய்தேன். "அப்படியா சார்? அப்ப ஈசிஎம்ல பிரச்சினை இருக்கலாம். கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க, எஸ்டிமேட் சொல்றோம்" என்றார்கள். ஈசிஎம் என்பது வண்டியின் மூளைப் பெட்டி. அதன் விலை ஐந்து இலக்கத்தில் இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காசு போனது ஒரு காரணம். அதைவிட, என் மேலேயே எனக்குக் கோபம். முப்பது வருடத்துக்கு மேல் மின்வாரியத்தில், துணை மின் நிலையங்களில் வேலை பார்த்தவன் நான். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் புக்கோல்ஸ் ரிலே என்று ஒன்று உண்டு. தொட்டிக்கும் மேலே இருக்கும் எண்ணெய்க் கலத்துக்கும் நடுவில், குழாயில் உட்கார்ந்திருக்கும். உள்ளே எங்காவது பழுதாகி எண்ணெயில் வாயு உண்டானால், அது இங்கே வந்து சேர்ந்து அலாரம் அடிக்கும். அலாரம் அடித்தால் என்ன செய்வோம்? ரிலேயையா கழற்றிப் போடுவோம்? சேர்ந்திருக்கும் வாயுவை எடுத்து, அது எரிகிறதா என்று பார்ப்போம். எரியாத வெறும் காற்று என்றால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கலாம். எரிந்தால் உள்ளே வைண்டிங்கிலோ வேறெங்கோ வில்லங்கம். அலாரம் அடித்ததற்காக ரிலேயை மாற்றிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரை மறுபடி சார்ஜ் செய்தால், அன்றைக்கே சஸ்பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்துவிடும். அப்படி வேலை பார்த்த மனுஷன், தன் வண்டிக்கு மட்டும் அலாரத்தை மாற்றிவிட்டு 7,400 ரூபாய் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இந்த ஆக்சிஜன் சென்சார் என்ன செய்கிறது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். அம்பாசடர், ஃபியட் காலத்தில் நல்ல மெக்கானிக் என்றால் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பார். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. பிறகு கார்புரேட்டர் திருகை அரைச் சுற்று முன்னேயோ பின்னேயோ திருப்புவார். அவருடைய கண் செய்த வேலையைத்தான் இந்தச் சென்சார் செய்கிறது. அவர் மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தார். இது வண்டி ஓடும் நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

சைலன்சர் குழாயில் சொருகியிருக்கும் இதன் முனையில் சிர்கோனியா என்ற பீங்கான், அதன் மேல் பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறு பக்கம் புகை. இரண்டு பக்கத்திலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்தில் ஒரு சின்ன பேட்டரி மாதிரி வோல்டேஜ் கொடுக்கும். பெட்ரோல் அதிகம் என்றால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகம் என்றால் 0.1 வோல்ட் பக்கம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. அந்தக் கணக்கு பிசகாமல் இருக்க மூளைப் பெட்டிக்கு இது தகவல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்து, 1976இல் வால்வோ கார்களில் முதலில் வந்தது.

இதில் ஒரு சங்கதி. பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். புகையின் சூட்டுக்காகக் காத்திருந்தால் நேரமாகும் என்று, உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பி 0135 என்ற எண் அந்த ஹீட்டரைப் பற்றியது. அந்த எண்ணுக்கு உரிய வாசகம் "சென்சார் போய்விட்டது" என்பதல்ல. "முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு" என்பதுதான். சர்க்யூட் என்ற சொல்லைக் கவனியுங்கள். அதில் ஃபியூஸ் இருக்கிறது, ரிலே இருக்கிறது, வயர் இருக்கிறது, கப்ளர் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது, மூளைப் பெட்டியும் இருக்கிறது. திருடன் இந்தத் தெருவில் இருக்கிறான் என்று ஸ்கேனர் சொல்லுகிறது. நாம் தெருவின் கடைசி வீட்டுக்காரனைப் பிடித்து உள்ளே போட்டுவிடுகிறோம்.

மூளைப் பெட்டியை மாற்றுவதற்கு முன்னால் இன்னொரு கண் பார்க்கட்டும் என்று, நம்மூரிலேயே தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் போனேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவனும் போனில் ஒரு சின்ன கருவியை இணைத்து அதே பி 0135ஐத்தான் படித்தான். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். "பழைய சென்சார் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டான். டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மல்டிமீட்டரை வைத்து ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் பார்த்தான். ஆறு ஓம்ஸ் சொச்சம். வண்டியில் இருக்கும் புதுசையும் பார்த்தான். ஏறக்குறைய அதே. "ரெண்டும் நல்லாத்தாங்க இருக்குது. இதை எதுக்குங்க கழட்டினாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அடுத்து என்ஜினை ஓடவிட்டு, கப்ளரைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப்பை வைத்தான். எரியவில்லை. ஹீட்டருக்குச் சப்ளையே வரவில்லை. ஃபியூஸைப் பார்த்தான். அதன் இரண்டு பக்கமும் லேம்ப் எரிந்தது. ஆக ஃபியூஸுக்கும் கப்ளருக்கும் நடுவில் எங்கோ. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வயரிங்கைப் பின்தொடர்ந்து போனான். பேட்டரிக்குப் பின்னால் இருட்டான ஒரு மூலையில், வயருக்கு மேல் போட்ட வளையக் குழாய் குதறியிருந்தது. உள்ளே ஒரு வயர் அறுந்து செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. பக்கத்திலேயே எலிப் புழுக்கையும், நாலைந்து கடலைத் தோலும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலைக் காடு. கடலையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, கதகதப்பான இடமாகப் பார்த்து உட்கார்ந்து தின்றுவிட்டு, வாய்க்கு வேலையாக வயரையும் கடித்திருக்கிறது.

வயரைச் சேர்த்துச் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கி, டேப் சுற்றினான். அதற்குப் பத்து நிமிடம். கண்டுபிடிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். கோடை அழித்தான். இன்றைக்கு வரை அந்த விளக்கு எரியவில்லை.

"எவ்வளவு தம்பி?" என்றேன். "நூத்தம்பது குடுங்க சார்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. தப்பான பதிலுக்கு 7,400, சரியான பதிலுக்கு 150. ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறாய் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஒரு வயர் ஒட்டினதுக்கு அதுக்கு மேல கேட்டா யாருங்க சார் குடுப்பாங்க? பார்ட் மாத்தினா அதுல நமக்கு ஏதோ நிக்கும். மாத்தாம சரி பண்ணினா ஒண்ணும் நிக்காதுங்க. உங்ககிட்ட பழைய சென்சார் இருந்துச்சு, அதனால பார்த்தேன். கூட்டமா இருக்கிற நாள்ல நானும் பல பேருக்குச் சென்சாரையே மாத்தி விட்டுருவேனுங்க. பொய் சொல்லக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. பெரிய கடையில் ஏமாற்றுகிறார்கள், சின்னக் கடையில் நியாயமாக இருக்கிறார்கள் என்று எழுதினால் எல்லோரும் கை தட்டுவோம். விஷயம் அதுவல்ல. இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஒரே கணக்குக்குத்தான் கட்டுப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் நாம். பாகத்துக்குப் பணம் கொடுக்கிறோம். யோசனைக்குக் கொடுப்பதில்லை. அட்டைப் பெட்டியில் புதுச் சாமான் கண்ணுக்குத் தெரிந்தால் ஏழாயிரமும் நியாயமாகத் தோன்றுகிறது. ஒரு மணி நேரம் குனிந்து தேடியவனுக்கு ஐந்நூறு என்றால் "ஒரு வயருக்கா?" என்று கேட்கிறோம். டாக்டரிடம் போனால் மாத்திரைக்குத் தனி, பார்த்ததற்குத் தனி ஃபீஸ் என்று ஒத்துக்கொள்கிற நமக்கு, பட்டறையில் மட்டும் அது புரிய மாட்டேன் என்கிறது. சாயந்திரத்துக்குள் வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்துவதும் நாம்தான். அவசரத்தில் செய்யக்கூடிய ஒரே வேலை, மாற்றிப் போடுவது.

கோடு சொல்வதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில் இன்னொரு அநியாயமும் உண்டு. என் வண்டியில் சென்சாரின் ஹீட்டருக்குத்தான் சப்ளை இல்லை. சில வண்டிகளில் சென்சார் ஒழுங்காக வேலை செய்து, உண்மையைச் சொன்னதற்காகவே பலியாகிறது. பி 0171 என்று ஒரு கோடு, காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள். ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று உள்ளே போகலாம். இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம். ஒரு சிலிண்டரில் ப்ளக் அடிக்காமல் போனால்கூட, எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வந்து சென்சாருக்கு "காற்று அதிகம்" என்றுதான் தெரியும். அது பார்த்ததைச் சொல்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சும்மாவா சொன்னார்கள்?

அதற்காகச் சென்சார் கெடவே கெடாது என்று சொல்ல வரவில்லை. வருடங்கள் ஆக ஆக, கிலோமீட்டர் ஏற ஏற மந்தமாகிவிடும். என்ஜின் ஆயிலைக் குடிக்கிற வண்டியில் சீக்கிரம் போகும். ஈயம் கலந்த பெட்ரோல் இதற்கு எமன். நம் நாட்டில் 2000 பிப்ரவரி முதல் ஈயப் பெட்ரோலை அடியோடு நிறுத்தியதால் அந்தத் தொல்லை இல்லை. கெட்டால் மாற்றத்தான் வேண்டும். கெட்டது என்று நிரூபித்துவிட்டு மாற்றுங்கள் என்பதுதான் என் வாதம்.

விளக்கு எரிந்தால் எரியட்டும், வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடும் கட்சியும் இருக்கிறது. பல்பைப் பிடுங்கிவிடு என்று எனக்கே ஒரு நண்பர் யோசனை சொன்னார். அது அலாரம் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் தூங்குகிற ஷிஃப்ட் ஆபரேட்டர் வேலை. சென்சார் தகவல் தராவிட்டால் மூளைப் பெட்டி குத்துமதிப்பாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் போகும். அதிகப் பெட்ரோல் போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வீணாகும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய சாமான் அது. அதன் விலைக்கு முன்னால் சென்சார் விலை ஒன்றுமே இல்லை. விளக்கு விட்டு விட்டு மின்னினால் இன்னும் மோசம். ப்ளக் அடிக்காமல் பெட்ரோல் அப்படியே குழாய்க்குப் போகிறது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்திவிடுவது உத்தமம். எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் புகையைக் குடிக்கிறவர்கள் பின்னால் டூவீலரில் வருகிறவர்களும், பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும். இந்த விளக்கையே கண்டுபிடித்தது புகைக்காகத்தான். அமெரிக்காவில் 1996 முதல் எல்லா கார்களிலும் ஒரே மாதிரிச் சாக்கெட், ஒரே மாதிரி கோடு என்று சட்டமாக்கினார்கள். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில் அது வந்து சேர்ந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு இன்னும் கெடுபிடி. நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வண்டியில் நாக்ஸ் சென்சாரோ யூரியா கரைசலோ தகராறு செய்தால் விளக்கு எரிவதோடு நிற்பதில்லை, இழுவையே குறைந்துவிடும். லோடோடு நடுரோட்டில் நிற்கிறவனுக்குச் சோதித்துப் பார்க்க நேரம் ஏது?

சின்னப் பட்டறைக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அந்தத் தம்பியின் கருவி பொதுவான கோடுகளை மட்டும்தான் படிக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று வைத்திருக்கும் கோடுகளைப் படிக்க, அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரும் வயரிங் படமும் வேண்டும். ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் இதைப் பற்றித்தான் புகார் கொடுத்தார். அசல் உதிரிபாகம், பழுது கண்டறியும் கருவி, விவரப் புத்தகம் எதையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தருவதில்லை என்பது விஷயம். 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அதன் பிறகு மேல்முறையீடு, கோர்ட் என்று அது நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை என்று ஒரு இணையதளமும் தொடங்கியது. அதில் வாகனங்களும் உண்டு. நல்லதுதான். ஆனால் அயோத்தியாப்பட்டணத்துத் தகரக் கொட்டகைக்கு அந்த வயரிங் படம் இன்னும் வந்து சேரவில்லை. படமில்லாமல்தான் அவன் வயரைப் பின்தொடர்ந்து போனான்.

சட்டம் வரும்போது வரட்டும். நாம் செய்யக்கூடியது சிலது இருக்கிறது. விளக்கு எரிந்து பட்டறைக்குப் போனால், கோடு எண்ணை ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். அழிப்பதற்கு முன்னால் எழுதி வாங்குங்கள். "எந்தப் பார்ட் போச்சு?" என்று கேட்காதீர்கள். "என்ன டெஸ்ட் பண்ணீங்க? மீட்டர் என்ன காட்டுச்சு?" என்று கேளுங்கள். ஃபியூஸும் வயரும் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். கழற்றிய சாமானைத் திருப்பி வாங்குங்கள். கடைசியாக ஒன்று. "சோதிச்சுக் கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா காசு தர்றேன், பார்ட் மாத்தாட்டியும் தர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிரில் இருப்பவருக்கு உண்மை சொல்வது கட்டுப்படியாகும்.

அன்றைக்கு அந்தத் தம்பி கையில் ஐந்நூறு ரூபாய் வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றான். "இது வயருக்கு இல்லப்பா, தேடினதுக்கு" என்று சொன்ன பிறகுதான் வாங்கினான். பழைய சென்சார் என் மேஜை மேல் இருக்கிறது. ஒரு குற்றமும் செய்யாத ஜீவன். கண்ணில் படும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்துகிறது.

பானெட்டுக்குள் புகையிலைத் துண்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எலி வராது என்கிறார்கள், பார்ப்போம். மனைவிதான் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணக்குப் போட்டாள்: "ஏழாயிரத்து நானூறு ரூபாய்க்கு எத்தனை எலிப்பொறி வாங்கியிருக்கலாம்?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை.